யார் வீட்டுப் பெருமை?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று கனவான்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது கறிக்கடை வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிற நேரம். அந்த நேரத்தில் ஒருவர் இன்னொருவர் வீட்டுப் படியேறினால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்கொடை ரசீதுப் புத்தகம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தயாராகத்தான் கதவைத் திறந்தேன்.

வந்தவர்கள் நான் ஒன்பதாம் வகுப்பு வரையில் படித்த பள்ளிக்கூடத்துக்காரர்கள். தலைமை ஆசிரியர் ஒருவர், தாளாளரின் மருமகன் ஒருவர், பழைய மாணவர் சங்கத்துக் காரியதரிசி ஒருவர். பள்ளிக்கூடத்தின் முன் ஹாலில் ஒரு சுவரை வெள்ளையடித்து, 'எங்கள் பெருமைக்குரிய மாணவர்கள்' என்று எழுதி, பன்னிரண்டு படங்கள் மாட்டப் போகிறார்களாம். ஒரு கலெக்டர், நாலைந்து டாக்டர்கள், அமெரிக்காவில் இருக்கிற ஒரு இன்ஜினீயர், ஒரு மாஜி எம்.எல்.ஏ. என்று பதினொரு படம் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆணி எனக்கு.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கே பெருமைங்க சார்" என்றார் காரியதரிசி.

எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். எழுத்தாளனுக்குப் புகழாசை கிடையாது என்று எந்த எழுத்தாளனாவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். காப்பி வரவழைத்தேன். எந்தப் படத்தைக் கொடுக்கலாம், கண்ணாடி போட்டதா போடாததா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டேன். "நம் தமிழய்யா படம் எங்கே வருகிறது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகன்தான் பதில் சொன்னார். "அது மாணவர்கள் சுவருங்க சார். ஆசிரியர்களுக்குன்னு இப்போதைக்கு ஏற்பாடு இல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை. அவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கும் ஒரு சுவர் நஷ்டம்.

நான் கேட்க நினைப்பது இதுதான். தன்னிடம் படித்துப் போன ஒருவனுடைய புகழை ஒரு பள்ளிக்கூடம் எந்த உரிமையில் தன் பேரேட்டில் வரவு வைத்துக்கொள்கிறது? வரவு வைத்துக்கொள்ளட்டும், பற்று எங்கே? தேறியவன் பள்ளிக்கூடத்தின் மாணவன் என்றால், தேறாதவன் யாருடைய மாணவன்? இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று மாடாய் உழைத்த வாத்தியார் எந்தப் பக்கத்துக் கணக்கு?

என் பள்ளிக்கூடம் சின்னது. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வழக்கைத் தீர்க்க முடியாது. ஆகவே, தமிழ்நாட்டில் இந்தப் பெருமையைக் கொண்டாட மற்றெவரையும்விட அதிகப் பாத்தியதை உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பச்சையப்பன் பள்ளிகளைத்தான் சொல்கிறேன். சென்னையில் பிறந்து, காஞ்சிபுரம், சிதம்பரம் என்று கிளைவிட்டு, கல்லூரியாகவும் கல்லூரிகளாகவும் வளர்ந்த குடும்பம். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தருமபுரி தனி ஜில்லா ஆனது 1965ல். அதற்கு முன்னால், சேலம் ஜில்லாவாக இருந்த காலத்தில், இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் ரயிலேறிப் போய்ப் 'பச்சையப்பாஸில்' படித்துவிட்டு வந்தான் என்றால் பெண் வீட்டுக்காரர்கள் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

முதலில் அந்தக் குடும்பத்தின் மூலபுருஷரைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சையப்ப முதலியார் பள்ளிக்கூடம் நடத்தியவர் அல்ல, கட்டியவரும் அல்ல. தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்து, இளமையிலேயே துபாஷாகி, ஏராளமாகச் சம்பாதித்து, நாற்பது வயதில், 1794ல், கண்ணை மூடிவிட்டார். தம் சொத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தான தர்மங்களுக்கும் எழுதிவைத்தார். அந்தப் பணம் வழக்கிலும் வியாஜ்யத்திலும் கிடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு வட்டி மேல் வட்டி ஏறிற்று. கடைசியில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற வெள்ளைக்காரரின் பிரயாசையில், கோயில் தர்மத்துக்குப் போக மிஞ்சியதைப் படிப்புக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. 1842 ஜனவரி முதல் தேதி முதல் பள்ளிக்கூடம் திறந்தது. செத்துப் போன ஒரு மனிதரின் பணமும், அவருக்கு உறவில்லாத ஒரு வக்கீலின் பிடிவாதமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. நம் நாட்டில் இவ்வளவு பணம் இவ்வளவு காலம் கோர்ட்டில் கிடந்து, கடைசியில் பிள்ளைகளின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே ஒரு நாவலுக்குரிய விஷயம். யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. நிற்க.

பச்சையப்பன் என்றதும் நம்மவர்கள் சொல்லுகிற முதல் பெயர் எது? ஸ்ரீனிவாச ராமானுஜன். சந்தேகமே இல்லை. மேடையில் ஏறுகிற பிரசங்கியார் ஒவ்வொருவரும், 'கணித மேதை ராமானுஜன் படித்த இடம்' என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக ஒரு விநாடி நிறுத்துவார்.

படித்தார். வாஸ்தவம். 1906ல் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் பிரசங்கியார் சொல்லுவதில்லை. தவறிப் போனார். கணக்கைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஏறவில்லை. உடற்கூறு பாடம் என்று ஒன்று கட்டாயமாக இருந்தது. அதில் அடி வாங்கினார். நடுவில் நோய் வேறு. மறு வருஷம் தனியாக எழுதினார். மறுபடியும் தவறினார். இதற்கு முன்பே கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலும் இதே கதைதான். கணக்கைத் தவிர மற்றதில் மார்க் இல்லை என்று உபகாரச் சம்பளம் பறிபோய், ஊரை விட்டே ஓடினவர் அவர். இன்று கும்பகோணமும் சொல்லிக்கொள்கிறது 'எங்கள் ராமானுஜன்' என்று; சென்னையும் சொல்லிக்கொள்கிறது. இரண்டு கல்லூரிகள், இரண்டிலும் தோல்வி, இரண்டுக்கும் பெருமை! பரீட்சையில் தவறிய ஒருவனால் இத்தனை பேர் தேறிவிட்டார்கள் என்பது வேடிக்கையாக இல்லையா?

அவசரப்பட்டு என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பச்சையப்பனை நான் ஏசவில்லை. ராமானுஜனைத் தவறச் செய்தது சர்வகலாசாலைப் பரீட்சை, கல்லூரி அல்ல. கல்லூரிக்கு உண்மையான பெருமை ஒன்று இந்தக் கதையிலேயே இருக்கிறது. பிரசங்கியார் கைதட்டல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவதால் அது நம் காதில் விழுவதில்லை.

அந்தக் கும்பகோணத்துப் பையன் காசில்லாமல் வந்து சேர்ந்தபோது, தன் கணக்கு நோட்டுப் புத்தகங்களை ஆசிரியர் ஒருவரிடம் காட்டினான். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'போய்ப் பாடத்தைப் படி' என்று சொல்லவில்லை. பையனைக் கையோடு முதல்வர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கொஞ்சம் உபகாரச் சம்பளம் கிடைக்கும்படி செய்தார். ராமானுஜாச்சாரியார் என்று அங்கே ஒரு கணக்கு ஆசிரியர். கரும்பலகை இரண்டும் நிறையும்படி அவர் ஒரு கணக்கைப் போட்டு முடிப்பார். பையன் எழுந்து நாலு வரியில் அதே விடைக்கு வந்து நிற்பான். வகுப்பில் வாத்தியாரைவிடக் குறுக்கு வழி தெரிந்த பையன் இருந்தால் அவனுக்கு என்ன கதி நேரும் என்று நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் அவனைச் சொல்ல விட்டார். சிங்காரவேலு முதலியார் என்று மூத்த கணித ஆசிரியர். அவர் பத்திரிகைகளில் வருகிற கடினமான கணக்குகளை அந்தப் பையனோடு உட்கார்ந்து சேர்ந்து போடுவாராம். எப்.ஏ.யில் தவறப் போகிற பையனும் கல்லூரியின் பெரிய கணக்கு வாத்தியாரும் ஒரே காகிதத்தைப் பார்த்துக் குனிந்திருக்கிற காட்சியை நான் எத்தனையோ தடவை மனசில் பார்த்திருக்கிறேன். கேம்பிரிட்ஜ், ஹார்டி, 1918ல் ராயல் சொஸைட்டி எல்லாம் பிறகு வந்தவை. அவற்றில் பச்சையப்பனுக்குப் பங்கு கிடையாது. ஆனால் அந்தக் காகிதத்தில் உண்டு. கல்லூரியின் சுவரில் ஒரு படம்தான் மாட்டலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் ராமானுஜன் படத்தை மாட்டச் சொல்ல மாட்டேன். அது உலகம் முழுவதும் மாட்டியிருக்கிறது. சிங்காரவேலு முதலியார் படத்தை மாட்டச் சொல்லுவேன்.

சிங்காரவேலு முதலியார் என்ற பெயரில் அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் இருந்தார். ஆள் வேறு. இவர் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர். இவருடைய படத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். 'அபிதான சிந்தாமணி'. தலையணை மாதிரி ஒரு புத்தகம். புராணத்தில் வருகிற ராஜாவா, சங்க காலத்துப் புலவரா, நட்சத்திரமா, நதியா, எதுவானாலும் அகராதி வரிசையில் புரட்டினால் கிடைக்கும். என் மேஜையில் இடது கைப் பக்கம் இருக்கிறது. சரித்திரக் கதை எழுதுகிற என் சக எழுத்தாளர்களில் பலர் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்து போனவர்கள். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன்தான்.

இதை ஒரு சபை செய்யவில்லை, சர்வகலாசாலை செய்யவில்லை. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில் ஒரு தமிழ் வாத்தியார் தன்னந்தனியாகப் பல வருஷங்கள் உட்கார்ந்து செய்தார். செய்து முடித்தால் அச்சுப்போட ஆள் இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஏற்படுத்திய பாண்டித்துரைத் தேவர் கை கொடுத்துத்தான் 1910ல் வெளிவந்தது. அதோடு விட்டாரா? திரும்ப உட்கார்ந்து, விட்டுப் போனதையெல்லாம் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931ல் காலமாகிவிட்டார். பெருக்கி எழுதிய இரண்டாம் பதிப்பு 1934ல் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அவரிடம் படித்த பையன்களில் யார் யார் ஹைக்கோர்ட் ஜட்ஜ் ஆனார்கள் என்று கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிறவர்களுக்கு, அந்தப் பையன்களுக்கு உபாத்தியாயராக இருந்தவர் ஒரு மொழிக்கே உபாத்தியாயராக இருந்தார் என்பது எதற்காகத் தோன்ற வேண்டும்?

மு. வரதராசனார் விஷயம் கொஞ்சம் வேறு. நாவலாசிரியர் ஆனதால் அவரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1971ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். எல்லாருக்கும் தெரியும். ஆனால் பச்சையப்பன் கல்லூரி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்ட 1939ல் அவர் யார்? எங்கள் பக்கத்து ஊராகிய திருப்பத்தூரில் முனிசிபல் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். அதற்கு முன்பு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. உடம்பு சரியில்லாமல் அந்த வேலையை விட்டவர். கல்லூரியில் உட்கார்ந்து படித்தவரே அல்ல. வீட்டில் இருந்தபடியே படித்து, 1935ல் வித்துவான் பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தவர். கல்லூரிக்குப் போகாமல் படித்த ஒருவரைக் கல்லூரியில் வாத்தியாராக உட்கார வைக்க ஒரு ஸ்தாபனத்துக்குத் துணிச்சல் வேண்டும். பச்சையப்பனுக்கு அது இருந்தது. இன்று இருக்கிற எந்தக் கல்லூரிக்காவது இருக்குமா? இன்ன பட்டம், இன்ன பரீட்சை, இன்ன தேதிக்குள் என்று கேட்டு, அந்தத் திருப்பத்தூர்க்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட மாட்டோமா? 1961 வரையில், இருபத்திரண்டு வருஷம், அங்கே பாடம் சொன்னார் மு.வ. அவர் வகுப்பிலிருந்து வெளியே வந்தவர்களில் மந்திரிகளை எண்ணாதீர்கள். ஊர் ஊராகப் போய்த் தமிழ் வாத்தியார்கள் ஆனவர்களை எண்ணுங்கள். எண்ண முடியாது. அவர்களில் ஒருவரிடம்தான் நான் படித்தேன்.

அண்ணாவை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளிக்கூடத்துப் பையன். நடுவில் முனிசிபல் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1934ல் ஆனர்ஸ் முடித்தவர். பிறகு சொற்ப காலம் வாத்தியாராகவும் இருந்தார். 1967ல் முதல் மந்திரி ஆனார். அவர் பெருமையைச் சொல்ல நான் வேண்டியதில்லை, நாட்டில் அதற்கு ஆள் குறைவில்லை.

பட்டியல் போடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிப்பதில்லை. 1947 வரையில் பச்சையப்பன் கல்லூரியில் ஹிந்து அல்லாத பையனுக்கு இடம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து எத்தனை முஸ்லிம் பையன்களும் கிறிஸ்தவப் பையன்களும் அந்தக் கிரேக்கத் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்து போயிருப்பார்கள்? அவர்களில் ஒரு ராமானுஜன் இருந்திருந்தால் எந்தச் சுவரில் தேடுவது? உள்ளே வந்தவர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கிற எந்தப் பள்ளிக்கூடமும், வாசலோடு போனவர்களுக்குக் கரிக்கட்டையால்கூட ஒரு கோடு போடுவதில்லை. சட்டத்தை மாற்றினார்களே என்றால், மாற்றினார்கள், நல்லது. அதைச் சொல்லித்தான் பெருமைப்பட வேண்டும் என்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1995ஆம் வருஷம். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்தேன். முடித்தேன் என்பதைவிட முடித்துவைத்தார்கள் என்பது பொருத்தம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையின் ரகசியம் மே மாதத்தில் நடக்கும். ஒன்பதாம் வகுப்பில் யார் யார் தேற மாட்டார்களோ அவர்களைக் கூப்பிட்டு டி.ஸி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் ஏழு பேர். என் டி.ஸி.யில், பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில், 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதியிருந்தது. என் அம்மா கைநாட்டுக்காரி. அவளுடைய விருப்பம் என்னவென்று அந்தக் காகிதம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. புளி உலுக்குகிற கூலிக்குப் போய்விட்டு வந்தவள், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாஸாயிட்டியாடா?" என்றாள்.

மறுநாள் தமிழய்யா எங்கள் தெருவுக்கு வந்தார். அவருக்கு அது கடைசி வருஷம். அடுத்த வருஷம் ஓய்வு. பென்ஷன் காகிதம் தாளாளர் கையில் இருக்கிற சமயத்தில் எந்த வாத்தியாரும் தாளாளர் கழித்துப்போட்ட பையன் வீட்டுக்குப் போக மாட்டார். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "சட்டையைப் போட்டுக்கிட்டு வாடா" என்றார். அம்மா, "சாமி, களி ஆறுது, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள். "வந்து சாப்பிடறம்மா" என்றார். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தார். அங்கே தலைமை ஆசிரியர், பத்தாம் வகுப்பில் புதுசாக யாரையும் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். தமிழய்யா கோபித்துக்கொள்ளவில்லை. வராந்தா பெஞ்சியில் போய் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்ப வெளியே வந்தபோது எழுந்து நின்று சொன்னார்:

"சார், இவன் கணக்குல கரை ஏறறது கஷ்டந்தான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கட்டுரை எழுதுவான். இவன் ஃபெயிலானா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க."

ராமானுஜனுடைய கணக்கு வாத்தியார் பையனை முதல்வர் அறைக்கு அழைத்துப் போன கதையை நான் பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தபோது, என் கண்ணில் பட்டது அந்த வராந்தா பெஞ்சிதான். ராமானுஜனோடு என்னை நான் ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாராவது கடிதம் எழுத உட்கார்ந்தால், தயவுசெய்து எழுந்துவிடுங்கள். நான் ஒப்பிடுவது வாத்தியார்களை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு வாங்கித் தேறினேன். தேற முப்பத்தைந்து போதும். ஒரு மார்க் அதிகம். கல்லூரியில் இரண்டு வருஷம் தள்ளிவிட்டு வெளியே வந்து, மண்டியில் கணக்கு எழுதி (பாருங்கள், கணக்கு!), அப்புறம் கதை எழுதத் தொடங்கினேன். தமிழய்யா பச்சையப்பன் கல்லூரியில் மு.வ.விடம் படித்தவர் என்பதை அவர் வாயால் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவருடைய பெருமை அது ஒன்றுதான். தன்னிடம் படித்தவர்கள் யாரார் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 2019ல் காலமானார்.

என்னோடு டி.ஸி. வாங்கிய மற்ற ஆறு பேரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒருவன் நாசிக்குக்கு லாரி ஓட்டுகிறான். ஒருவன் அரூரில் ஓட்டல் வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான், பரோட்டா பிரமாதம். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி. இரண்டு பேர் பெங்களூருக்குச் சென்டரிங் வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இருபத்திரண்டு வயதில் போய்விட்டான். ஆறாவது ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது. அவன் பெற்றோர் விருப்பத்தின் பேரில் போய்விட்டவன் அல்லவா?

பெரியவர்கள் பெயரைச் சொல்லிக் காட்டினால்தானே பையன்களுக்கு உற்சாகம் வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சொல்லிக் காட்டுங்கள், முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள். ராமானுஜன் படத்துக்குக் கீழே 'எப்.ஏ. இரண்டு முறை தவறியவர்' என்று எழுதிவையுங்கள். கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவான். அந்தக் கலெக்டர் படத்துக்குக் கீழே, அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார் பெயரை எழுதுங்கள். எழுத முடியாது, ஏனென்றால் பல பள்ளிக்கூடங்களில் அந்த வாத்தியார் யார் என்று யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கரையானைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை.

தருமபுரி நாலு ரோட்டில் ஜூன் மாதத்தில் வந்து நின்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் பள்ளிக்கூடங்களின் தட்டிகள். முன்பு துணியில் எழுதுவார்கள், இப்போது பிளக்ஸ். பையன்கள் முகம், பெண்கள் முகம், முகத்துக்குக் கீழே மார்க்கு. 2017ல் அரசாங்கம், மாநிலத்தில் முதல் மாணவர், இரண்டாம் மாணவர் என்று அறிவிக்கிற வழக்கத்தையே நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடக்காரர்கள் நிறுத்தவில்லை. ஜவுளிக் கடைக்காரன் பொம்மைக்குச் சேலை கட்டி வாசலில் நிறுத்துகிற மாதிரி பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். பொம்மைக்காவது சேலை நெய்தவன் பெயர் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். இங்கே நெய்தவர் அதே கட்டடத்தில், ஸ்டாப் ரூமில், கட்டுக் கட்டாகத் தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாசச் சம்பளம் கொத்தனார் கூலிக்கு எட்டுமா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

அதே தருமபுரிதான், 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவில் தமிழ்நாட்டு ஜில்லாக்கள் எல்லாவற்றிலும் கடைசியாக நின்றது. நூற்றுக்கு 68.5. மீதிப் பேருடைய முகத்தை எந்தத் தட்டியில் போட்டார்கள்? எத்தனை பேர் கையில் மே மாதத்துக் காகிதம் இருந்தது என்று யாராவது எண்ணினார்களா? நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று நாலு ரோட்டில் எழுதுகிற ஊர் நூற்றுக்கு அறுபத்தெட்டரையில் நிற்கிறது என்றால், நடுவில் காணாமல் போனவர்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

பள்ளிக்கூடக்காரர்களுக்கு நான் பதில் எழுதிவிட்டேன். என் படத்தை மாட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். இரண்டு நிபந்தனை சொன்னேன். தமிழய்யா படத்தை எனக்கு மேலே மாட்ட வேண்டும்; பக்கத்தில் அல்ல, மேலே. 1995ல் டி.ஸி. வாங்கிய ஏழு பேருடைய பெயரையும் என் படத்துக்குக் கீழே எழுத வேண்டும், என் பெயரையும் அதில் ஒன்றாக. ஆறாவது ஆளின் பெயர் எனக்கு ஞாபகமிருக்கிறது. அப்பா பெயர்தான் மறந்துவிட்டது, பழைய பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன்.

பத்து நாளாகப் பதில் இல்லை. நேற்றுக் கடைவீதியில் காரியதரிசியைப் பார்த்தேன். நல்ல மனிதர், அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பத்து வருஷம் பின்னால் படித்தவர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. "கமிட்டியில வெச்சிருக்கோம் சார்" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பதிவேடு எங்க இருக்கும்னு உங்களுக்கு ஏதாச்சும் ஐடியா இருக்கா சார்? ஆபீஸ்ல தேடிப் பார்த்தோம். ஆணி பன்னிரண்டும் அடிச்சாச்சு."